வேலிக்கு வெளியே கத்தரீனாவின் பிள்ளை

கத்தரீனா செபம் சொல்லிக் கேட்டவர்கள் அந்தக் கரையில் குறைவு. அவள் ஆண்டவரோடு சண்டை பிடித்துக் கேட்டவர்கள்தான் அதிகம். விடியக் காலையில் மீன் கடகத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு நடக்கும்போதே தொடங்கிவிடுவாள். காற்றுக் கிளம்பினால் ஒரு பேச்சு, மழை கொட்டினால் ஒரு பேச்சு. புருசன் தேவராசாவின் வலையில் மீன் படாத நாளில் கோயில் வாசலில் கடகத்தை இறக்கி வைத்துவிட்டு, "என்ன, நித்திரையோ?" என்று உள்ளே பார்த்துக் கேட்பாள்.

பங்குச் சுவாமியார் ஒருநாள் கூப்பிட்டுக் கண்டித்தார். கத்தரீனா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மறுமொழி சொன்னாள்.

"கிட்ட இருக்கிற ஆளோடைதானே சுவாமி சண்டை பிடிக்கலாம். சிங்கப்பூரிலை இருக்கிறவனோடை நான் ஏன் வாய் காட்டுறன்?"

சுவாமியார் கெட்ட மனுசர் இல்லை. ஆனால் சட்டம் என்றால் அவருக்குப் பெற்ற தாய் மாதிரி. அதை யாரும் தொடக்கூடாது.

கலியாணம் முடித்துப் பல வருசம் வெறும் வயிறோடு திரிந்தவள், ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்துநாலாம் ஆண்டு பிள்ளை உண்டானாள். ஆண்பிள்ளை என்றால் அடைக்கலநாதன் என்று பெயரும் பார்த்து வைத்தாயிற்று. மாசி மாதத்தில், நாள் நிறையும் முன்னமே நோவு கண்டுவிட்டது. மருத்துவிச்சி லூர்த்தம்மா வந்தாள். ஆண்பிள்ளைதான். ஆனால் அழவில்லை, மூச்சு வருவதும் போவதுமாக இருந்தது.

சாகக் கிடக்கிற பிள்ளைக்கு எந்த வேதக்காரியும் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். லூர்த்தம்மா செம்பைக் கையில் எடுத்தும்விட்டாள். எடுத்தவள் ஊற்றவில்லை. அதற்கு முந்தின வருசம் நத்தார்ப் பண்டிகையிலே இப்படித்தான் ஒரு பிள்ளைக்கு அவசரப்பட்டு ஊற்றினாள். அந்தப் பிள்ளை பிழைத்துக் கொழுகொழுவென்று வளர்ந்தது. அதற்காகச் சுவாமியார் ஞாயிற்றுக்கிழமை சனம் முழுவதற்கும் முன்னால் அவளை எழுப்பி, "உனக்கு ஆர் அதிகாரம் தந்தது?" என்று கேட்டு மானத்தை வாங்கினார். அந்த வெட்கம் இப்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டது. செம்பைக் கீழே வைத்துவிட்டு, "ஓடிப்போய்ச் சுவாமியைக் கூட்டிக்கொண்டு வா அண்ணை" என்று தேவராசாவைக் கலைத்து அனுப்பினாள்.

சுவாமியாரும் ஓடித்தான் வந்தார். அவர் படலையைத் திறக்கும்போது பிள்ளை போய்விட்டது.

ஞானஸ்நானம் பெறாத பிள்ளையைச் சேமக்காலைக்குள் புதைக்க முடியாது என்றார். உள்ளே இருப்பது மந்திரித்த மண்ணாம். மணி அடிக்கவில்லை. பெயர் சொல்லவில்லை. தேவராசா எவரையும் எதிர்த்து ஒரு சொல் பேசி அறியாத மனுசன். பிள்ளையைச் சீலையில் சுற்றிக் கொண்டுபோய் வேலிக்கு வெளியே, கடற்பக்க மணலில் தாட்டுவிட்டு வந்தான். இதைச் சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உள்ளே கள்ளச் சாராயம் விற்றவனும் கிடக்கிறான், பெண்சாதியை அடித்தே கொன்றவனும் கிடக்கிறான். ஒரு பாவமும் செய்ய நேரமில்லாத பிள்ளைக்குத்தான் இடமில்லாமற் போயிற்று.

"கவலைப்படாதை கத்தரீனா. பிள்ளைக்கு ஒரு வேதனையும் இல்லை. ஆண்டவரின்ரை முகத்தை மட்டும் காணாது" என்று சுவாமியார் ஆறுதல் சொன்னார்.

மட்டுமாம்! அந்தச் சொல்தான் அவளைக் கொன்றது. மண் எங்கே கிடந்தாலும் மண்தான் என்று மனத்தைத் தேற்றியிருப்பாள். தன் பிள்ளை என்றென்றைக்கும் ஆண்டவருடைய முகம் காணாமல் இருளுக்குள் தடவிக்கொண்டு திரியும் என்பதை அவளால் தாங்க முடியவில்லை. கோயிற் பக்கம் போவதை நிறுத்தினாள். சந்தையால் திரும்பும் வழியில் சேமக்காலை வாசலில் நின்று, நடுவிலே நிற்கும் பெரிய குருசைப் பார்த்துக் கத்துவாள்.

"நீர் உள்ளுக்குச் சொகமா நிக்கிறீர். என்ரை பிள்ளை வெளியிலை கிடக்குது. உமக்கு வெக்கமில்லையோ?"

பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. அன்றைக்கு அவள் கோயிலுக்குப் போனாள். உள்ளே இல்லை, வெளியே பூவரசுக்குக் கீழே. கும்பிடப் போகவில்லை. ஆண்டவர் சிலுவையிலே பாடுபடுகிறதைப் பிரசங்கத்தில் கேட்கப் போனாள். படட்டும், அவருக்கும் தெரியட்டும் என்று இடுப்பில் கை ஊன்றி நின்றாள். அப்படி ஒரு கோபம்.

சுவாமியார் நல்ல பிரசங்கி. உள்ளே பெண்கள் மாரில் அடித்து அழுதுகொண்டிருந்தார்கள். "நகரத்துக்குள்ளே கொன்றால் நகரம் தீட்டுப்பட்டுவிடும் என்று, பிரியமானவர்களே, அவரை மதிலுக்கு வெளியே இழுத்துக்கொண்டு போனார்கள்" என்றார்.

கத்தரீனாவின் கை இடுப்பிலிருந்து நழுவியது. சிறுவயது தொட்டு வருசாவருசம் கேட்ட பிரசங்கம்தான். ஒருநாளும் அது காதில் ஏறியதில்லை. கோபம் இன்னும் கொதித்தது, ஆனால் இப்போது அது அவர்மேல் இல்லை. விறுவிறென்று சேமக்காலைக்கு நடந்தாள். வாசலில் நிற்கவில்லை, வேலியைச் சுற்றிக்கொண்டு பிள்ளை கிடந்த இடத்துக்குப் போனாள்.

"இஞ்சையோ நிண்டனீர்? இவ்வளவு நாளும் உள்ளுக்குப் பாத்தெல்லோ உம்மைப் பேசினன். ஒரு சத்தம் காட்டப்படாதோ?"

வானத்தையும் இந்தக் கடலையும் படைத்தவர், போக இடமில்லாதவர் போல, பெயரில்லாத ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் வெறும் மணலில் இருக்கிறார். நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பு புல்லரித்தது. அப்படியே இருந்துவிட்டாள். பிள்ளை செத்த நாள் தொட்டு வராத கண்ணீர் அப்போதுதான் வந்தது. அழுதுகொண்டும் விடவில்லை: "அவனுக்கு முகத்தைக் காட்டினீரோ? காட்டாமல் விட்டீரோ, பிறகு பாரும்!"

கார்த்திகையில் மரித்தோர் திருநாள் வந்தது. சனம் எல்லாம் உள்ளே மெழுகுதிரி கொளுத்தி நிற்க, சுவாமியார் கல்லறை கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். கத்தரீனா வேலிக்கு வெளியே ஒரு மெழுகுதிரியோடு தனியே நின்றாள். அவரும் மனுசன்தானே, அவளைக் கண்டு கால் நின்றுவிட்டது. வேலியோரம் வந்து, யாருக்கும் கேட்காத குரலில், "எட்டித் தெளிச்சு விடட்டோ, கத்தரீனா?" என்றார்.

"வேண்டாம் சுவாமி. உள்ளுக்கு இருக்கிற ஆக்களுக்குத் தெளியுங்கோ. இஞ்சை அவரே நிக்கிறார்."

"ஆர்?"

"மதிலுக்கு வெளியிலை கொண்டுபோனவை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். பிறகு ஆரும் அவரை உள்ளுக்குக் கூப்பிட்டவையோ?" அவள் குரல் ஏறியது. சேமக்காலை முழுவதும் திரும்பிப் பார்த்தது. "படலை அந்தப் பக்கம் இருக்கு சுவாமி. அவரைக் காணவேணும் எண்டால் நீங்கள்தான் வெளியிலை வரவேணும்."

சுவாமியார் தீர்த்தச் செம்போடு நின்றார். மெழுகுதிரியைக் கையால் மறைத்துக்கொண்டு லூர்த்தம்மாதான் முதலில் படலையைத் தாண்டி வந்தாள்.