பெரட்டில் எழுந்த சிரிப்பு

கொத்மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நீண்ட காலம் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்தேன். தொழிலாளர்களுக்கு நான் கணக்கப்பிள்ளை ஐயா. விடியுமுன் நீராடி, நீறணிந்து, இரண்டு பதிகங்களையேனும் முழுமையாகப் பாடாமல் பெரட்டுக்குப் போனதில்லை. காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, யார் எந்த மலையில் கொழுந்து பறிப்பது என்று பிரித்துவிடும் கூட்டத்துக்குப் பெரட்டு என்று பெயர். என் பெரட்டில் அதட்டல் இராது. கெட்ட வார்த்தையும் இராது. சிரிப்பு இருக்கும். அதை என் பெருமைகளுள் ஒன்றாகவே வைத்திருந்தேன்.

அந்தச் சிரிப்பில் பாதி ஒரு சிலேடையால் வந்தது. பனிக்கும் செடியின் கீறலுக்கும் காப்பாகப் பெண்கள் இடுப்பில் சாக்குக் கட்டிக்கொள்வார்கள். மேல் வலிக்கிறது என்றோ, கீழ்மலையில் அட்டை மொய்க்கிறது என்றோ எவரேனும் வாய் திறந்தால், "இடுப்புல ஒரு சாக்கு, வாயில ஒரு சாக்கா?" என்பேன். வரிசை முழுவதும் சிரிக்கும். குறை சொல்ல வந்தவரும் சிரித்துவிட்டுக் கூடையை எடுத்துக்கொள்வார். ஒரு சொல்லில் இரு பொருள் வைக்கத் தெரிந்தவன் என்ற நினைப்பு எனக்கு இருந்தது.

ஒரு நாள், எட்டாம் நம்பர் மலையில் பறிக்கும் பெண்ணொருவர் வரிசையை விட்டு முன்னால் வந்தார். நாற்பதைக் கடந்தவர், அதிகம் பேசாதவர். கானுக்கு, அதாவது மலையோர வடிகாலுக்கு, மேலே நிற்கும் மரத்தில் குளவிக்கூடு இருப்பதாகச் சொன்னார். கங்காணியை அனுப்பிப் பார்க்கச் செய்தேன். குளவி விட்டுப்போன பழைய வெறுங்கூடு அது என்று அவர் வந்து சொன்னார். ஆபத்தைக் கண்டு உடனே சொன்னவருக்கு ஒரு நன்றி சொல்லி அத்துடன் விட்டிருக்கலாம். மறுநாள் பெரட்டில் அந்தப் பெண்ணைக் கண்டதும் என் வழக்கமான சிலேடையைச் சற்று நீட்டினேன்.

"வாம்மா, குளவிக்காரி. நேத்து மரத்துல ஒரு சாக்கு தொங்குச்சு. இன்னைக்கு எங்க தொங்குது?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அவரும் சிரித்தார் என்றே அன்று எண்ணினேன். இப்போது நிதானமாக நினைத்துப் பார்த்தால், அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டது மட்டுமே கண்ணுக்குள் நிற்கிறது. அன்றிலிருந்து அவருக்குக் குளவிக்காரி என்பதே பெயராயிற்று. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் அந்தப் பெயரை அதிகம் சொல்லிக் கேலி செய்தவர் அவருடைய நாத்தனார்.

சில மாதங்கள் கழிந்து, மழை விட்டிருந்த ஒரு முற்பகலில், அதே மலையின் மேற்பகுதியில் குளவி கலைந்தது. அந்தப் பெண்ணுக்கு அடுத்த நிரையில் நின்று பறித்த நாத்தனார் முகமெல்லாம் கொட்டுப்பட்டு விழுந்தார். லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவர் உயிர் பிழைத்துத் திரும்பியபோது ஒரு கண்ணில் பார்வை இல்லை.

தோட்ட நிர்வாகியான துரையின் அலுவலகத்தில் விசாரணை நடந்தது. கூட்டை முன்பே யாராவது கண்டீர்களா என்று துரை கேட்டார். அந்தப் பெண் மறைக்கவில்லை; இரண்டு நாளுக்கு முன் கண்டேன் என்றார். பின் ஏன் சொல்லவில்லை என்றதற்குத் தரையைப் பார்த்தபடி பதில் சொன்னார்.

"பழைய கூடா இருக்குமோன்னு விட்டுட்டேங்க."

என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. எதற்கு அஞ்சி வாய் மூடினார் என்பது அந்த அறையில் எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். அறிக்கையை எழுதியவன் நான். 'கூட்டைக் கண்ட தொழிலாளி முன்கூட்டி அறிவிக்கத் தவறினார்' என்று எழுதினேன். அதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை. மறுநாள் பெரட்டில் அதை நானே வாசித்தேன். கண்டும் வாயை மூடிக்கிட்டவ என்று லயம் பேசத் தொடங்கியது. அவருடைய கணவர் தம் தங்கையின் கண்ணை நினைத்து, ஒரே அறைக்குள் இருந்துகொண்டே மனைவியோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

பின்னொரு காலத்தில், கொழும்பிலிருந்து வந்த ஓர் அம்மையார் ஹட்டனில் எங்களுக்கு ஒருநாள் வகுப்பு நடத்தினார். 'வேலைத்தளத்தில் உளப் பாதுகாப்பு' என்று பலகையில் எழுதினார். தவறையும் ஆபத்தையும் கூச்சமின்றிச் சொல்ல முடிகிற இடத்தில்தான் மனிதர் பாதுகாப்பாக இருக்கிறார்கள் என்றார். நான் எழுந்து, என் பிரிவில் யாரும் குறை சொல்வதே இல்லை என்று மகிழ்வோடு கூறினேன். அவர் சிரிக்கவில்லை. உங்களிடம் கெட்ட செய்தியோடு கடைசியாக வந்தவர் யார் என்று மட்டும் கேட்டார். விடை எனக்குத் தெரிந்திருந்தது. நினைவில்லை என்று சொல்லி உட்கார்ந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் வழக்கம்போல் ஒரு பதிகம் வாய்க்கு வந்தது, பாட முடியவில்லை. அடியார்கள் இறைவனோடு வழக்காடியிருக்கிறார்கள். இரக்கம் இல்லாதவன் என்று ஏசியும் இருக்கிறார்கள். அவன் அவர்களை எள்ளி நகைத்ததாக எந்தப் பாடலிலும் நான் கண்டதில்லை. செவிசாய்த்தான் என்றே பாடுகிறோம். அதைப் பாடிய வாயோடுதான் நாள்தோறும் பெரட்டுக்குப் போயிருக்கிறேன்.

அதன்பின் கேலியை விட்டேன். குறை இருந்தால் சொல்லுங்கள் என்று காலைதோறும் கேட்டேன். "ஒண்ணுமில்லைங்க ஐயா" என்பதே பதிலாக வந்தது. அறிக்கையைத் திருத்த நான் முயலவில்லை. ஓய்வுபெற இன்னும் சில ஆண்டுகள் இருந்தன. அவற்றில் ஒரு காலையைக்கூட அதற்குச் செலவிடவில்லை.

ஓய்வுபெற்ற மறுவருடம் அந்தப் பெண்ணைத் தேடிப் போனேன். கணவர் இறந்தபின் அவர் நானுஓயாப் பக்கம் மகள் வீட்டில் இருந்தார். நாற்காலியைத் துடைத்து என்னை உட்காரச் செய்து, தாம் நின்றுகொண்டார். எவ்வளவு சொல்லியும் அமரவில்லை. உங்கள் வாயை மூடியது என் கேலிதான், அதை அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும், என்னை மன்னிக்க வேண்டும் என்றேன். அவர் நாற்காலியைத் துடைத்த துணியை மடித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"இத எங்கிட்ட சொல்லி என்னங்க ஐயா ஆகப்போகுது? எனக்குத்தான் தெரியுமே. அன்னைக்குப் பெரட்டுல வாசிச்சீங்களே, அப்ப சொல்லியிருந்தா எங்க வீட்டுக்காரரு காதுல விழுந்திருக்கும்."

நாத்தனாரிடமாவது போய்ச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"வேணாங்க. நான்தான் ஒங்கள அனுப்பி வச்சேன்னு சொல்லுவாங்க. இப்பத்தான் பேத்தி சடங்குக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போனாங்க. அதக் கெடுத்துறாதீங்க."

வாய் திறந்து என் சொல்லை அவர் மறுத்தது அதுவே முதல்முறை. சரியம்மா என்றேன். நாத்தனார் இப்போதும் அந்தத் தோட்டத்தில்தான் இருக்கிறார். திருவிழாவுக்குப் போகும்போது கோயில் வாசலில் அவரைக் காண்கிறேன். பார்வையுள்ள கண்ணால் என்னை அடையாளம் கண்டு, "வாங்க ஐயா, நல்லா இருக்கீங்களா" என்கிறார். நலம் என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறேன்.