நீல வால் அரணை

"பல்லி, ஓணான் பாக்கறதுக்கா இவ்ளோ படிச்சே?" என்று கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் ஓர் ஆன்ட்டி என்னிடம் கேட்டார். கேலிதான். ஆனாலும் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், அதுவும் விலங்கியலில் முதுகலை. சுருக்கென்று தைத்தது.

இந்த ஏப்ரலில், பே ஏரியாவுக்குத் தெற்கே இருக்கும் ஒரு பழைய எரிமலைப் பூங்காவில் எனக்கு ஒரு பரீட்சை. எங்கும் வறண்ட பாறைகள்; ஓடைப் பக்கம் மட்டும் கொஞ்சம் பச்சை. வருகிறவர்களுக்கு அங்குள்ள தவளை, பல்லி, பாம்புகளைக் காட்டும் தன்னார்வ வழிகாட்டியாகச் சேர, ஒரு குழுவைத் தனியாக அழைத்துப்போக வேண்டும். மூத்த வழிகாட்டியான அமெரிக்கப் பெண்மணி குறிப்பேட்டோடு பின்னால் வந்தார். நான் பேசினாலும் எழுதினார், சும்மா நடந்தாலும் எழுதினார். என்னைக் கழித்துக்கட்டக் காரணம் தேடுகிறார் என்றே நினைத்தேன்.

குழுவில் ஒரு தமிழ்க் குடும்பம். அவர்களுடைய எட்டு வயதுப் பெண் ஓடைக்கரைக் கல்லருகே குனிந்து கையை நீட்டினாள். எட்டிப் பார்த்தேன். பளபளவென்று நீல வால். அரணை!

"தொடாத! கடிச்சா செத்துருவே!" என்று கத்தி, அவளை வெடுக்கென்று பின்னால் இழுத்தேன்.

"ஆன்ட்டி, இட்ஸ் ஜஸ்ட் எ ஸ்கிங்க்!" என்றாள்.

ஸ்கிங்க் என்றால் அரணைதான்; அதற்கு விஷமே கிடையாது. அதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். என் வாயிலிருந்து வந்ததோ, சின்ன வயதில் அம்மா போட்ட கூச்சல்.

அவளுடைய அப்பா சிரித்தார். "என்னங்க, ஊர்ல எங்கம்மா சொல்ற மாதிரியே சொல்றீங்க?"

பதில் சொல்வதற்குள், அசைய வேண்டாம் என்று மூத்த வழிகாட்டி தாழ்ந்த குரலில் சொன்னார். சிறுமியை நான் இழுத்து நிறுத்திய பாறைக்கடியில், எங்கள் கால்களிலிருந்து இரண்டடியில், விஷப்பாம்பு ஒன்று சுருண்டு கிடந்தது. வாலைக் கிலுகிலுப்பை போல ஆட்டி எச்சரிக்கும் வகை. அன்று ஆட்டவே இல்லை. காய்ந்த மண்ணின் நிறத்திலேயே இருந்தது. அவர் சொல்லச் சொல்ல, சிறுமியை அணைத்தபடி ஒவ்வோர் அடியாக விலகினேன். பாம்பு தலையைக்கூடத் தூக்கவில்லை.

வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்ததும் குறிப்பேட்டைக் காட்டச் சொன்னேன். தயங்காமல் கொடுத்தார். பக்கம் முழுக்க, நான் பார்க்காமல் கால் வைத்த இடங்கள். கடைசியில், 'இன்னும் தயாராகவில்லை.'

பளிச்சென்ற வாலையும், என்னைக் காத்தவரையும் சந்தேகப்பட்ட நான், கால் வைக்கும் இடத்தைச் சந்தேகப்படவில்லையே என்று இன்றும் உடம்பு கூசுகிறது. போன வாரம் மறுபரீட்சைக்கு விண்ணப்பித்துவிட்டேன். என் பின்னால் குறிப்பேட்டோடு அவரே வர வேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன்.