கடலுக்குப் போன கேபினட் சாவி

எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜைவிட உயரமாக நிற்கும் பொருள் ஒன்றுதான். நான்கு இழுப்பறை கொண்ட பழைய இரும்பு கேபினட். செம்பூரில் ஓர் அலுவலகத்தை மூடியபோது விற்றதை வாங்கி, தாராவிச் சந்துக்குள் நான்கு பேர் சாய்த்துத் தூக்கிவந்து வைத்தார்கள். மேலே ஒரே பூட்டு. அதை உள்ளே அழுத்தினால் நான்கு இழுப்பறைகளும் பூட்டிக்கொள்ளும். நான் ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தர். மழைத்தண்ணீரில் ஊறிப்போன சான்றிதழ்களைக் கையில் ஏந்திவரும் பெற்றோரைப் பார்த்துப் பார்த்து, என் வீட்டுக் காகிதங்கள் இரும்புக்குள்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள்.

சாவியை ஊக்கில் மாட்டித் தாலிக் கயிற்றில் குத்தி வைத்திருந்தேன். தங்கச் சங்கிலியோடு ரயிலில் போக எனக்குப் பயம்; எப்போதும் மஞ்சள் கயிறுதான். இன்னொரு சாவி இருந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று அதைக் கேபினட்டின் அடி இழுப்பறையிலேயே போட்டிருந்தேன். இதை எழுதவே கூசுகிறது.

ஆடிப்பெருக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையில் கயிறு மாற்றினேன். தாலியையும் குண்டுகளையும் புதுக் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டு, பழையதைப் பூவோடு சேர்த்துச் சுருட்டிப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்தேன். சந்துப் பெண்கள் எல்லோருடைய கயிறுகளையும் வாங்கிக்கொண்டு அவர்தான் அன்றே மாஹிம் கடலில் விட்டுவருவார். ஊக்கும் சாவியும் பழைய கயிற்றிலேயே இருந்துவிட்டன. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கழுத்தைத் தடவியபோதுதான் தெரிந்தது.

அன்றுதான் மகளுக்குக் கல்லூரியில் சான்றிதழ் சரிபார்ப்பு. கடைசி நாள். பிசியோதெரபி படிக்க ஆசைப்பட்டு, முதல் வருடம் கிடைக்காமல், மறுபடி தேர்வு எழுதி வாங்கிய இடம். நான்கு மணிக்குள் அசல் காகிதங்கள் மேசைக்கு வராவிட்டால் அந்த இடம் வரிசையில் அடுத்து நிற்கும் பிள்ளைக்குப் போய்விடும். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், எல்லாம் மேல் இழுப்பறையில்.

“சாவி எங்கட்டி?” என்றார் கணவர்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மகள்தான் சொன்னாள். “தொலஞ்சிட்டுப்பா. எங்கன்னு அப்புறம் சண்டை போடுங்க. இப்ப திறக்கணும்.”

அவர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே ஓடினார். பத்து நிமிடத்தில், எதிர்ச் சந்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் பாயைக் கூட்டிவந்தார். பாய் கையில் இரும்பு அறுக்கும் மெஷின்.

“அஞ்சு நிமிஷ வேல. பூட்ட அறுத்து எடுத்துரலாம்,” என்றார் பாய். வயரை நீட்டி பிளக்கிலும் செருகிவிட்டார்.

மகள் கேபினட்டுக்கு முன்னால் போய் நின்றாள். கைகளைக் கட்டிக்கொண்டு, டிக்கெட் பரிசோதகர் மாதிரி.

“பாய், பூட்டுக்குப் பின்னாடி ரெண்டு இஞ்சுல என் பேப்பர் இருக்கு. பொறி உள்ள விழுந்தா?”

“விழாதும்மா.”

“கேரண்டி தர்றீங்களா?”

பாய் என் கணவரைப் பார்த்தார். “அண்ணாச்சி, பொண்ணு வக்கீலுக்கா படிக்கப் போவுது?” என்று கேட்டுவிட்டு பிளக்கைப் பிடுங்கினார்.

நான் அப்போது தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். அவள் போன் வெளிச்சத்தைப் பூட்டின் முகத்தில் அடித்துப் பார்த்தாள். பிறகு பல் தேய்க்கும் பேஸ்டைத் துணியில் எடுத்து அழுத்தித் தேய்த்தாள். பித்தளையில் பொடி எழுத்தில் ஒரு நம்பர் தெரிந்தது. பத்து வருடமாக அந்தப் பூட்டைத் தினமும் தொட்டவள் நான், ஒருநாளும் பார்த்ததில்லை.

குர்லாவில் பழைய அலுவலகச் சாமான் விற்கும் கடைகளின் நம்பர்களை போனில் தேடி, கடை திறக்கும் நேரமானதும் ஒவ்வொன்றாக அழைத்தாள். இந்தியில் ஒரே கேள்வி: கேபினட் பூட்டு, முகத்தில் இன்ன நம்பர், சாவி இருக்கிறதா? முதல் ஆள் வைத்துவிட்டார். இரண்டாமவர் சிரித்தாராம். மூன்றாவது ஆள், “ஆஜாவ்” என்றார், வந்து பார் என்று.

சயானில் ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் குர்லா. அந்த ஒரு ஸ்டேஷன் தூரத்தில் நான் மூன்று முறை மணி பார்த்தேன். “அம்மா, டென்ஷன் மத் லோ, பதறாத. உன் மூச்சு எனக்குக் கேக்குது,” என்றாள்.

கடைக்காரர் ஒரு கம்பி வளையத்தைத் தூக்கிப் போட்டார். நூற்றுக்கணக்கான சாவிகள், ஒவ்வொன்றின் தலையிலும் நம்பர். அவர் ஒரு பக்கம், இவள் மறுபக்கம் தேடினார்கள். எடுத்தது இவள்தான்.

வீட்டுக்கு வரும்போது ஒரு மணி தாண்டிவிட்டது. சாவி உள்ளே போனது. திரும்பவில்லை.  பாய் வாசலிலேயே நின்று, “மெஷினக் கொண்டு வரட்டா?” என்றார். அவள் ஒவ்வொரு இழுப்பறையாகத் தொட்டுப் பார்த்தாள். இரண்டாவது இழுப்பறை ஒரு நூல் அளவு வெளியே துருத்திக்கொண்டு நின்றது. அதை முட்டியால் உள்ளே தள்ளிப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பினாள். அழுந்தியிருந்த பூட்டு டக்கென்று வெளியே வந்தது; இழுப்பறைகள் திறந்துகொண்டன.

அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். இதைப் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் சொல்கிறேன்: அந்த நிமிடம் அவளைப் பார்க்க, நான் பெற்றவள் மாதிரியே இல்லை. பதறுவது ஒன்றைத்தான் என்னிடமிருந்து அவள் கற்றிருக்க முடியும். அதைக் கற்காமல் விட்டிருக்கிறாள்.

மூன்றேகாலுக்குக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தோம். பெற்றோர் உள்ளே வரக் கூடாது என்றார்கள். கதவருகே பெஞ்சில் உட்கார்ந்தேன்.   உள்ளே அதிகாரி காகிதங்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. “டீக் ஆஹே” என்றார் மராத்தியில். சரியாக இருக்கிறதாம். அசலை எல்லாம் கல்லூரியே வைத்துக்கொள்ளும், நீ போகலாம் என்றார்.

அவள் எழுந்து நாற்காலி நகரும் சத்தம் கேட்கவில்லை. என் மகளின் குரல் கேட்டது. சத்தமில்லாத, மரியாதையான மராத்தி. “சார், எந்தெந்த அசலை வாங்கிக்கொண்டீர்கள் என்று எழுதி, முத்திரை வைத்து ஒரு ரசீது கொடுங்கள்.”

“இதுவரை யாரும் கேட்டதில்லையே,” என்றார் அதிகாரி.

“பரவாயில்லை சார். காத்திருக்கிறேன்.”

மேசை இழுப்பறை ஒன்று திறந்தது. பிறகு முத்திரை குத்தும் சத்தம் கேட்டது. பெஞ்சில் பக்கத்தில் இருந்த பெண்மணி, “யார் பிள்ளை அது?” என்று இந்தியில் கேட்டார். நான் எழுந்து நின்று சொன்னேன்.