முன்னால் போன சைக்கிள்

போன இலையுதிர்காலத்தில், மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் தெருவில் சைக்கிளில் போன என் மகளைக் கார் ஒன்று இடித்தது. கால் எலும்பு பொருந்தியதும் அவள் டென்மார்க்குக்குப் படிக்கப் போய்விட்டாள். இந்தக் கோடையில் அவளைப் பார்க்கப் போனேன். அங்கேயும் சைக்கிள்தான்.

நாணல் கூரை வீடுகளும் வெள்ளைத் தேவாலயங்களும் உள்ள பழைய கிராமங்களுக்கூடாக அவள் மெதுவாக முன்னால் போனாள். நான் அவள் முதுகிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. விபத்துக்குப் பிறகு பயம்கூட எனக்குச் சரியாக வருவதில்லை. பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

இறக்கங்களில் பெடலைச் சும்மா பின்னுக்குச் சுற்றுவது என் யாழ்ப்பாணத்துப் பழக்கம். டென்மார்க்கில் வாடகைக்கு எடுத்த சைக்கிளிலோ அப்படிச் சுற்றினால் அதுதான் பிரேக். ஒவ்வொரு முறையும் சக்கரம் இறுகியது, அவள் தூரமானாள். ஒரு வளைவில் சரிந்து விழுந்தேன். நிமிர்ந்தபோது அவளைக் காணவில்லை.

திரும்பி வந்தவள் சிரித்தாள். "இடிபட்டது நான். விழுறது நீங்களோ அம்மா?"

"நீ என்ர கண்ணுக்கு முன்னால போ, பிள்ளை."

"ஏலாது. இனி நீங்கள் முன்னுக்குப் போங்கோ. நான் பின்னால வாறன்."

மறுக்கத் தோன்றவில்லை. ஏறி மிதித்தேன். இருபக்கமும் பார்லி வயல். அவளுடைய சக்கரச் சத்தம் சில நேரம் கேட்டது, சில நேரம் காற்றில் கேட்கவில்லை. அடுத்த கிராமம் வரும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை.