ஓடைக்கரையில் காய்ந்த வலை

திரேஸ்புரத்தில் ஓடை கடலில் கலக்கும் இடத்தைச் சுத்தம் செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கூடினோம். நாற்பது பேர் இருப்போம். எல்லோருக்கும் பச்சை பனியன். முதுகில் ஓடையைக் காப்போம் என்று எழுதியிருந்தது. ஓடையில் இறங்கும் உத்தேசத்தில் ஒருவரும் வந்திருக்கவில்லை. கறுப்புத் தண்ணீரில் மிதந்த குப்பை மிதந்தபடியே இருந்தது. கரையில் கிடந்ததை மட்டும் அள்ளினோம். அதிலும் பேனர் கட்டிய இடத்திலிருந்து கேமராவுக்கு எட்டுகிற தூரம் வரைதான்.

ஏற்பாட்டாளர் டவுனில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். எல்லோருக்கும் அண்ணாச்சி. கையுறை மாட்டிக்கொண்டு ஒரு பிஸ்கட் உறையை எடுத்தார். படம் சரியாக விழவில்லை என்றதும் அதையே கீழே போட்டு மறுபடி எடுத்தார். மூன்று முறை எடுத்ததைப் பார்த்தேன். பத்திரிகையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் செய்திக்குறிப்பு எழுத என்னை அழைத்திருந்தார்கள்.

கவிழ்த்துப் போட்ட வள்ளம் ஒன்றை ஒட்டி நண்டு வலை விரித்துக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை இந்தக் கரையில் யாரும் கடலுக்குப் போவதில்லை. சனிக்கிழமை வந்த வலையைக் கழுவிக் காயப் போட்டுவிட்டுப் பூசைக்குப் போவார்கள். திங்கள் விடியுமுன் அதே வலை மறுபடி கடலுக்குப் போகும். திரேஸ்புரத்து நாய்க்குக்கூட இது தெரியும். காய்கிற வலைமேல் அது படுக்காது.

எங்கள் ஆட்களின் படிப்பு வேறு. கைவிடப்பட்ட வலைகளில் சிக்கி ஆமைகள் சாவதைப் பற்றி முந்தைய வாரம்தான் ஒரு பேராசிரியர் படம் போட்டு விளக்கியிருந்தார். அதனால் வலையைக் கண்டதும் புதையல் கண்டதுபோல் கூச்சல்.

“அண்ணாச்சி, வலை கிடைச்சிட்டு!”

“சுருட்டுலே! படம் எடுத்தாச்சா?”

முழு வலையும் ஒரு சாக்கில் அடங்கவில்லை. ஒருவர் கத்தியை எடுத்து மேல்கயிற்றோடு சேர்த்து மூன்று இடத்தில் அறுத்தார். மிதவைகள் ஒரே இடைவெளியில் கட்டப்பட்டிருந்தன, முடிச்சுகள் புதியவை. பார்த்தேன். சொல்லியிருக்கலாம். நடப்பதைக் குறித்துக்கொள்வதையே பிழைப்பாகக் கொண்டிருந்தவன், அன்றும் குறித்துக்கொண்டேன். அந்தக் கூட்டத்தில் நான் ஒன்றும் உசத்தியில்லை.

பூசை முடிந்து வலைக்காரரின் மனைவி வந்தார். தலையில் முக்காடு இன்னும் இறங்கவில்லை. வள்ளத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு எங்களைப் பார்த்தார்.

“இங்கன கிடந்த வலைய எங்க?”

“அது கைவிட்ட வலைம்மா. ஆமைக்கு ஆபத்து,” என்றார் அண்ணாச்சி.

“யாரு கைவிட்டா? கோயிலுக்குப் போயிட்டு வாரதுக்குள்ள கைவிட்டதா ஆயிருமா? ஒங்க கடையும் ஞாயித்துக்கிழம பூட்டித்தான கிடக்கு. நான் வந்து சட்டி பானையெல்லாம் அள்ளிட்டுப் போவட்டா?”

குப்பை லாரி டிரைவர் மட்டும் சிரித்தார்.

“கோவப்படாதிய. கமிட்டில பேசி ஒரு முடிவு சொல்லுதோம்.”

“நாளைக்கு விடியமுன்ன எங்க வீட்டுக்காரரு கடலுக்குப் போணும். ஒங்க கமிட்டியவா கடல்ல விரிப்பாரு?”

எந்தச் சாக்கில் வலை இருக்கிறதென்று யாருக்கும் தெரியவில்லை. லாரியில் ஏற்றியிருந்ததெல்லாம் ஒரே மாதிரி வெள்ளைச் சாக்குகள். அந்தம்மா லாரியில் ஏறி ஒவ்வொன்றாகக் கரையில் கொட்டினார். டிரைவரும் ஏறினார், பிறகு நானும். காலையெல்லாம் அள்ளியது அள்ளிய இடத்துக்கே திரும்பிவந்தது. அதற்குள் பொங்கலும் வடையும் வந்துவிட்டதாகப் பாலத்துப் பக்கமிருந்து குரல் கேட்க, பச்சை பனியன்கள் கை கழுவப் போயின.

“இதக் குறிப்புல சேக்காதிய சார். ஆமை விஷயம் மட்டும் போதும்,” என்று என்னிடம் சொல்லிவிட்டு அண்ணாச்சியும் நடந்தார்.

வலை நான்கு துண்டாக, மூன்று சாக்குகளில் கிடைத்தது. அந்தம்மா துண்டுகளை வரிசையாகப் பரப்பி, அறுந்த முனைகளை எடுத்துப் பார்த்தார். கண்ணியைப் பிறகு பின்னிக்கொள்ளலாம், மேல்கயிறும் அடிக்கயிறும் சேர்ந்துவிட்டால் நாளைக்குக் கடலில் விரிக்க ஆகும் என்றார். இணைக்கக் கயிறு வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கயிற்றுக்கடை கிடையாது. கொட்டிக் கிடந்த குப்பைக்குள் குனிந்து நைலான் கயிறாகப் பார்த்து உருவினார். இழுத்துப் பார்த்து, இற்றதை எறிந்தார், தேறியதைத் தோளில் போட்டுக்கொண்டார்.

என்னை அப்போதுதான் கவனித்தார்போல.

“எழுதுனது போதும். இந்த முனையப் பிடிங்க.”

பிடித்தேன். உச்சி வெயிலில் கடைசி முடிச்சு விழுந்தது. அவர் வலையைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். குப்பையை மறுபடி லாரியில் ஏற்ற ஒருவரும் வரவில்லை.