அவள் பெயரில் இருந்த கணக்கு

பல் செட் செய்கிறவர் என்பதால் தெருவில் அவருக்குப் பல்லுக்காரர் என்றே பெயர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. மேஜை நிறைய பிளாஸ்டரில் வார்த்த வாய்கள், ஆளில்லாமல் இளித்துக்கொண்டிருக்கும். அதற்கெல்லாம் பயந்த ஆளில்லை அவர். பயந்தது பின்னறையில் கேட்ட குரலுக்குத்தான்.

வீட்டில் பண விவகாரம் பார்த்தவள் மனைவி. பங்கு வாங்குவது, வாங்கியதையே தரகு நிறுவனத்தில் அடகு வைத்துக் கடன் எடுத்து இன்னும் வாங்குவது, எல்லாம் அவள் கை. வீட்டுப் பத்திரத்தின் மேலும் கடன் எடுத்து அதிலேயே போட்டிருந்தாள். இவருக்கு அதில் அரிச்சுவடிகூடத் தெரியாது. ஏழு மாதம் முன்பு ஒரு காய்ச்சலில் அவள் போய்ச் சேர்ந்தாள்.

அப்போது மனிதர் செய்த காரியத்தைக் கேளுங்கள். சாவைச் சொன்னால் கணக்கை முடக்கிவிடுவார்கள், கடனை உடனே கேட்பார்கள் என்று யாரோ காதில் போட்டுவைக்க, இவர் மூச்சு விடவில்லை. அவளுடைய செல்போனுக்கு மாதாமாதம் ரீசார்ஜ் செய்தார். தரகு நிறுவனத்திலிருந்து கூப்பிட்டால் மகள் எடுப்பாள். இருபத்துமூன்று வயது மகளுக்கு அச்சு அசல் அம்மாவின் குரல்.

"விலை ஏறட்டும்மா, வித்துக் கடன அடைச்சிடலாம். அதுவரைக்கும் சமாளி" என்பார் மகளிடம்.

எங்கே ஏறியது? சந்தை வாரம் தவறாமல் சரிந்தது. "மேடம், அடகு மதிப்பு குறைஞ்சிடுச்சு, இன்னும் பணம் கட்டணும்" என்று போன் வந்தபடி இருந்தது. மகள் தன் சம்பளத்தைக் கட்டினாள், இவருடைய சேமிப்பைக் கட்டினாள். முதல் சில தடவை போனை வைத்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். பிறகு சிரிப்பு நின்றது. குரல் நிற்கவில்லை. அம்மாவின் நோட்டை மடியில் விரித்து, "இந்த விலைக்கு இன்னும் கொஞ்சம் வாங்கிப் போடணும்" என்று தனக்குத்தானே பேசினாள். வேலைக்குப் போவதை விட்டாள். கண்ணில் ஒரு குறையும் இல்லாதவள் அம்மாவின் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள்.

ஒரு திங்கட்கிழமை காலை, கடைவாய்ப் பல் ஒன்றை ராவிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, டீ ஆறுது" என்று பின்னறையிலிருந்து குரல் வந்தது.

"தோ வந்துட்டேன்" என்று வாய் தன் பாட்டில் சொல்லிவிட்டது. அப்புறம்தான் உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. பயந்தார், சரி. ஆனால் அந்த ஒரு நொடி மனம் குளிர்ந்துபோனதே, அதை எங்கே போய்ச் சொல்வது? மகள் தன்னை அப்பா என்று கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று யோசித்தார். ஞாபகம் வரவில்லை.

வியாழக்கிழமை மூன்று மணிக்குள் பணம் கட்டாவிட்டால் பங்குகளை விற்றுவிடுவோம் என்று நிறுவனத்திலிருந்து கடைசித் தகவல் வந்தது.

"பட்டறை மெஷின வித்துக் கட்டிடுங்க. சந்தை திரும்பும்" என்றாள், அதே குரலில்.

கட்டினால் வீடு தப்பலாம். ஆனால் போன் வந்துகொண்டேயிருக்கும், இவளும் அம்மாவாகவே இருப்பாள். கட்டாவிட்டால் கிடைக்கிற விலைக்கு எல்லாம் போகும், பின்னாலேயே வீடும் போகும். பெற்ற பெண்ணா, வீடா? வியாழன் மதியம் அந்தப் போனை முதன்முறையாக அவரே எடுத்தார்.

"மேடம் இல்லீங்களா?" என்றான் தரகு நிறுவனத்துப் பையன்.

"இல்ல தம்பி. அவ செத்து ஏழு மாசம் ஆச்சு."



"சார், நேத்துகூட எங்கிட்ட பேசினாங்களே..."

"விக்க வேணாம்னு சொல்லுங்க" என்று முதுகுக்குப் பின்னால் கேட்டது.

"சார்... இப்ப பேசினது யாரு?"

"என் பொண்ணு. பணம் கட்ட மாட்டேன், வித்துக்குங்க. சாவு சர்டிபிகேட்ட நாளைக்குக் கொண்டாந்து தரேன்." தப்பு என்னுடையது என்பதையும் மென்று விழுங்காமல் சொல்லிவிட்டுப் போனை அணைத்தார்.

"முடிஞ்சுதும்மா. இனிமே அந்த நம்பருக்கு யாரும் கூப்பிட மாட்டாங்க."

அவள் அவரையே பார்த்தபடி நின்றாள்.

"அப்ப நான் கிளம்பட்டுமாங்க?"

இரு என்று சொல்லத்தான் துடித்தார். இன்னும் ஒரு நாள், ஒரு வேளையாவது இரு. வெளியே தெரிந்தால் ஊர் காறித் துப்பும், ஆனாலும் அதுதான் உண்மை.

"போ" என்றார்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் கழித்து, "அப்பா" என்று கேட்டது. அதுவும் அதே குரல்தான்.