நான்காவது பஞ்சர்

1. கம்பி அறுந்தது

எம்.ரெட்டியபட்டிப் பக்கம் தபால் கொடுக்கும் வேலையில் இருபத்தெட்டு வருஷம் சைக்கிள் மிதித்தேன். போன வருஷம்தான் ஓய்வு. இப்போது வேலைக்கு வருகிறவர்கள் ஸ்கூட்டரில் வருகிறார்கள். அவர்கள் இதைப் படிக்காமல் தாண்டிவிடலாம்.

ஓய்வுக்கு முந்தின ஐப்பசியில் ஒரு நாள், பள்ளத்தில் இறங்கி ஏறும்போது பின்சக்கரத்தில் ‘டிங்’ என்று சத்தம். போக்ஸ் கம்பி ஒன்று அறுந்துவிட்டது. இதற்காக அருப்புக்கோட்டைக்குப் போவதா என்று செல்போனில் வீடியோ பார்த்து நானே இறங்கினேன். சைக்கிளைக் கவிழ்த்து, டயரையும் டியூபையும் கழற்றினேன். பரணில் கிடந்த பழைய கம்பி ஒன்றை சக்கரத்தின் நடு ஹப்பில் நுழைத்து, பக்கத்துக் கம்பிகள் போகிற மாதிரியே பின்னி, ரிம்மில் கம்பி முனையைப் பிடிக்கிற நிப்பிளைப் போட்டு முறுக்கினேன்.

பிறகு கோட்டம் எடுக்க வேண்டும். ரிம் ஓரமாகச் சாக்பீஸைப் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றினால், உரசுகிற இடம்தான் கோணல். உரசுகிற பக்கத்துக் கம்பியைத் தளர்த்தி, எதிர்ப்பக்கத்துக் கம்பியை முறுக்க வேண்டும். கால் கால் சுற்றாகத்தான்; அவசரப்பட்டால் சக்கரம் முட்டை வடிவத்துக்குப் போய்விடும்.

என் வீட்டுக்காரர் காபி டம்ளரோடு நின்று பார்த்தார். “சக்கரம் நேராயிருச்சு. ஒங் கழுத்துதான் கோணிருச்சு” என்றார்.

பழைய கம்பி மற்றவற்றைவிடக் கொஞ்சம் நீளம். அதனால் என்ன, கூட நாலு முறுக்கு என்று முறுக்கிவிட்டேன்.

2. வேலிச் சண்டை

அடுத்த வாரத்தில் மூன்று பஞ்சர். நான் போகிற பாதையோரம் வேலு மாமாவின் பருத்திக்காடு. ஆடு இறங்காமல் இருக்க, சுற்றிலும் கருவேல முள்ளை வெட்டி அடைத்திருந்தார். எங்கள் ஊரில் பஞ்சர் என்றாலே முள்தான். வேறு எதையும் யாரும் யோசிப்பதில்லை.

“மாமா, ஒங்க முள்ளு பூராம் பாதையிலதான் கெடக்கு. நான் தபால் குடுக்கவா, டியூப்புக்கு ஒட்டுப் போடவா?” என்று ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்தினேன்.

“எடுத்துர்றேன் மருமகளே. அதுக்கு ஏன் இந்தக் கத்துக் கத்துற?” என்றார். அன்றே பாதைப்பக்க வேலியை இழுத்துப் போட்டுவிட்டார்.

மறுநாள் காலையில் அந்த வழியாகப் போனேன். ஆடு இறங்கி, நாலு இலை விட்டிருந்த பருத்தியை இரண்டு சால் மொட்டையடித்திருந்தது. மாமா வரப்பில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் மொட்டைக் குச்சி ஒன்றைப் பிடுங்கிக் காட்டினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கொஞ்ச தூரம் போவதற்குள் சக்கரம் தரையில் உட்கார்ந்தது. பாதையில் பொட்டு முள் இல்லை.

வீட்டுக்குத் தள்ளிவந்து டியூபைப் பிரித்தேன். நாலு ஓட்டையும் ஒரே இடத்தில், ரிம்மைத் தொடுகிற உள்பக்கத்தில். வால்வை அடையாளமாக வைத்துச் சக்கரத்தோடு பொருத்திப் பார்த்தால், என் நீளக் கம்பி நிப்பிளைத் தாண்டி, டியூபுக்கு அடியில் சுற்றியிருக்கிற ரிம் டேப்பையும் கிழித்துக்கொண்டு நிற்கிறது. முகம் சுருங்கிப் போயிற்று எனக்கு.

“அவருக்கு எங்க தெரியப் போகுது? பேசாம இரு” என்றார் வீட்டுக்காரர். எனக்குத் தெரியுமே.

கம்பி முனையை அரத்தால் ராவி, விரலால் தடவிப் பார்த்து, புது ரிம் டேப் சுற்றிவிட்டு மாமாவின் காட்டுக்குப் போனேன்.

“மாமா, குத்துனது ஒங்க முள்ளு இல்ல. நான் போட்ட கம்பிதான். தப்பு என்னோடது.”

“அத ஏங்கிட்ட எதுக்குச் சொல்ற? பருத்திகிட்டப் போயிச் சொல்லு” என்றார். குனிந்து மண்ணைக் கிள்ளிப் பார்த்து, “ஈரம் காயுறதுக்குள்ள வெதைய ஊனணும்” என்றார்.

ஊன்றினேன். கவைக்கம்பால் முள்ளைத் தூக்கி வேலியையும் நானே அடைத்தேன். முதுகு விட்டுப் போயிற்று.

3. கற்றுக்கொண்டது

பஞ்சர் ஆனால் முதலில் ஓட்டை எந்தப் பக்கம் என்று பாருங்கள். வெளிப்பக்கம் என்றால் பாதையில் தேடுங்கள். உள்பக்கம் என்றால் ரிம்மைத் தடவுங்கள். அதுவரை யாரிடமும் வாயைக் கொடுக்காதீர்கள்.

வேலி அடைத்துவிட்டுத் திரும்பும்போது பின்சக்கரம் புஸ்ஸென்று இறங்கியது. இறங்கித் தள்ளினேன்.

“என்ன மருமகளே, தள்ளிட்டுப் போற?” என்று மாமா வரப்பிலிருந்து கேட்டார்.

“நடந்தா ஒடம்புக்கு நல்லதுன்னு டாக்டரு சொன்னாக மாமா.”

வீட்டில் வந்து பிரித்தேன். ஓட்டை வெளிப்பக்கம்தான். முள்ளும் டயரிலேயே இருந்தது. பிடுங்கிப் போட்டுவிட்டு, மூச்சுக் காட்டாமல் ஒட்டுப் போட்டேன்.